சர்வேயர் வீட்டு சப்வூஃபர்

நீடாமங்கலத்தில் இருதயசாமியை எல்லோரும் சர்வேயர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்தப் பக்கத்து வயல்களை அளந்தவர். வரப்பை ஒரு முழம் நகர்த்தியவன் நகர்த்தவே இல்லை என்பான். பக்கத்து வயல்காரன் மூன்று முழம் போய்விட்டது என்பான். இருதயசாமி இருவர் சொல்வதையும் கேட்டுக்கொள்வார். புலப்படத்தை விரித்து, டேப்பைப் பிடித்து, கல்லை நட்டுவிட்டு வந்துவிடுவார். அவருக்கு எதிரிகள் அதிகம் இல்லை. நண்பர்களும் அதிகம் இல்லை.

பதினாறு வயதில் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர், நான்கு வருடத்தில் திரும்பி வந்துவிட்டார். வரும்போது கொஞ்சம் லத்தீனும் கொஞ்சம் ஆர்கனும் தெரிந்திருந்தது. லத்தீன் மறந்துபோயிற்று. ஆர்கன் மறக்கவில்லை. குருமடத்து ஆர்கனில் கைக்கு இரண்டு வரிசைக் கட்டைகள், அடியில் காலால் மிதிக்க ஒரு வரிசைப் பெடல்கள். ஊர் திரும்பி அவர் வாசித்த மாதா கோயிலில் இருந்ததோ சாதாரண கீபோர்டு. அதில் பெடல் கிடையாது. நாற்பது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கை கீபோர்டில் வாசிக்க, கால்கள் சிமெண்டுத் தரையில் தம்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. அவருக்குக் கொசு கடிக்கிறது என்று பாடற்குழுப் பெண்கள் நினைத்தார்கள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் தஞ்சாவூரில் ஒரு கன்னியர் மடத்தில் பழைய எலக்ட்ரானிக் ஆர்கன் ஒன்றைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். பெடல் வரிசை முழுசாக இருந்தது. ஸ்பீக்கரை மட்டும் எலி தின்றுவிட்டிருந்தது. ஹெட்ஃபோன் மாட்டினால் எல்லாம் கேட்டது. குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி அருள்செல்வி வீட்டுக் கூடத்திலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். ஆர்கனைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார்.

"சத்தமே வரலயே?"

"ஸ்பீக்கர் வாங்கணும்."

"இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்.

இருதயசாமி எதையும் கணக்கில்லாமல் செய்கிறவர் இல்லை. பெடல் வரிசையின் இடது கோடியிலுள்ள, மிகத் தாழ்ந்த பன்னிரண்டு ஸ்வரங்களை, ஒவ்வொன்றும் நான்கு விநாடி வீதம், ஒரு பென் டிரைவில் பதிந்துகொண்டார். அதை எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஸ்பீக்கர் கடை நடத்துகிறவர் பெயர் ஃபஹத். நாற்பது வயதிருக்கும். சினிமாக் குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டு ஒரு பெரிய பெட்டியை முழக்கிக் காட்டினார். கடைவாசலில் நின்ற மொபெட்டின் கண்ணாடி நடுங்கியது.

"எப்படி சார்?"

"பாட்டு வேண்டாம். இதைப் போடுங்க" என்று பென் டிரைவை நீட்டினார் இருதயசாமி.

கடைக்குள் ஊம் என்றது. சற்றுப் பொறுத்து, இன்னும் கொஞ்சம் கீழே, ஊம் என்றது. வாடிக்கையாளர் ஒருவர் மின்சாரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து வெளியே போய்விட்டார்.

முதல் பெட்டியில் அடி ஐந்து ஸ்வரங்கள் வரவே இல்லை. இரண்டாவதில் பன்னிரண்டும் வந்தன. ஆனால் பன்னிரண்டும் ஒரே ஸ்வரமாகக் கேட்டன. மூன்றாவதில் நீல விளக்கு எரிந்தது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மேல் ஸ்வரங்களுக்கான ஸ்பீக்கர் ஜோடி எளிதாக அமைந்துவிட்டது. ஆளுயரத்தில் நின்றவை சத்தத்தைக் கத்திச் சொல்ல, முழ உயரத்தில் இருந்தவை பேசுகிற குரலில் சொன்னதால் அவற்றை எடுத்துக்கொண்டார். அடி ஸ்வரங்களுக்கான சப்வூஃபர் பெட்டிதான் அமையவில்லை.

ஃபஹத் கடைசியாகப் பின்னறைக்குப் போய்த் தூசி படிந்த கறுப்புப் பெட்டி ஒன்றை மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்.

"சார், இது நாலு வருஷமா இங்கதான் கெடக்கு. கிக் இல்லன்னு யாரும் எடுக்கல."

பன்னிரண்டு ஸ்வரங்களும் வந்தன. பன்னிரண்டும் தனித்தனியாக, ஒரே உயரத்தில், நாற்றுக் கயிறு பிடித்து நட்ட வரிசை போல வந்தன. இருதயசாமி இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு, "கட்டிக் குடுங்க" என்றார்.

வீட்டில் ஆர்கனுக்குப் பக்கத்து மூலையில் பெட்டியை வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, காலால் மிதித்தார். மூன்றாவது ஸ்வரத்துக்கு அடுக்களை எவர்சில்வர் எல்லாம் கிடுகிடுத்தது. ஏழாவது ஸ்வரம் காணோம். கடையில் இருந்த ஸ்வரம் நீடாமங்கலத்துக்கு வந்து சேரவில்லை.

ஃபஹதுக்குப் போன் செய்தார்.

"பெட்டிமேல தப்பில்ல சார், ரூம்தான். இப்ப என்ன பண்ணுங்க, பெட்டியத் தூக்கி நீங்க உக்கார்ற எடத்துல வைங்க. அப்பறம் பெடலை அழுத்திக்கிட்டு, தரையில தவழ்ந்து போய்க் கேளுங்க. எங்க எல்லாம் சமமாக் கேக்குதோ, அங்க பெட்டிய வைங்க."

வேறொருவராக இருந்தால் ஃபஹத் கேலி செய்கிறார் என்று நினைத்திருப்பார். இருதயசாமி கொஞ்ச நேரம் யோசித்தார். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு அளந்தாலும், அந்தக் கல்லிலிருந்து இந்தக் கல்லுக்கு அளந்தாலும் அளவு ஒன்றுதானே என்று தோன்றியது. சரி என்றார்.

ஆனால் வரப்பில் நடந்து நடந்து அவர் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. தவழ முடியாது. தவிர, பெடலை அழுத்தவும் ஓர் ஆள் வேண்டும்.

"செல்வி, கொஞ்சம் தரையில தவழணும்" என்றார்.

அருள்செல்வி வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "எதுக்குங்க?" என்றார். அவர் விளக்கினார். அருள்செல்வி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணியில் கோடு போடுகிற சாக்கைக் கையில் எடுத்தார்.

சற்று நேரத்தில் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஜெயபாரதி கண்ட காட்சி இது: ஆர்கன் முன்னால் பெஞ்சில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சர்வேயர் பக்கத்தில் நின்று கைத்தடியால் பெடலைக் குத்திக்கொண்டிருந்தார். அருள்செல்வி கதவோரம் நாலு காலில் நின்றிருந்தார்.

"அக்கா, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்ல, சத்தம் தேடறேன்."

"கெடைச்சுதா?"

"ஏழாவது மட்டும் கெடைக்கல. உக்காரு, வந்துடறேன்."

ஜெயபாரதி உட்கார்ந்தார்.

கதவோரத்தில் ஏழாவது இல்லை. டி.வி. அருகில் மூன்றாவது பூதம் போல் வந்தது. ஷோகேஸ் பக்கம் எல்லாமே தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. அருள்செல்வி ஒவ்வோர் இடத்திலும் சாக்கால் ஒரு குறி போட்டு நகர்ந்தார். கடைசியில் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, தன் தையல் மெஷினுக்கு அடியில் தலையை விட்டார். அங்கேயே இருந்தார்.

"என்ன செல்வி?"

"ஒண்ணுலேருந்து இன்னொரு தடவை அழுத்துங்க."

அழுத்தினார். பன்னிரண்டும் முடிந்தது.

"மறுபடி."

மூன்றாவது தடவையும் முடிந்தபின் அங்கே ஒரு வட்டம் போட்டுவிட்டு வெளியே வந்தார். தலையில் நூல் ஒட்டியிருந்தது.

"இங்கதாங்க."

இருதயசாமி வட்டத்தைப் பார்த்தார். "அது ஒன் மெஷின் இருக்கிற எடம்."

"எனக்குத் தெரியாதா? இருவத்தாறு வருஷமா அங்கதானே உக்காந்திருக்கேன்."

"கதவோரம்னு சொல்லியிருந்தா அங்கயே வச்சிருப்பேன்."

"கதவோரம் நல்லா இல்லையே."

எத்தனையோ கிராமங்களில், பட்டாவும் சிட்டாவும் கையில் வைத்துக்கொண்டு நின்ற எத்தனையோ பேரை இருதயசாமி பார்த்திருக்கிறார். தன் பேரில் இருக்கிற இடத்தைத் தானே காட்டி, 'இது உங்களுக்குத்தான் சரியாக வரும்' என்று சொன்ன ஒருவரையும் சந்தித்ததில்லை. "வெளிச்சம் போயிடுமே" என்று மட்டும் சொன்னார்.

"மேக்கால ஜன்னல் இருக்குல்ல. சாயங்காலம் வெயில் அடிக்கும், ஒரு திரை போட்டுக் குடுங்க."

இரண்டு நாள் அவர் எதையும் நகர்த்தவில்லை. பெட்டி பெஞ்சிலேயே இருந்தது. மூன்றாம் நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தபோது மெஷின் மேற்கு ஜன்னலுக்குப் போயிருந்தது. ஜெயபாரதியும் அருள்செல்வியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையை வைத்துவிட்டு அப்படியே கடைத்தெருவுக்குத் திரும்பிப்போய்த் திரைத்துணியும் ஒரு டியூப் லைட்டும் வாங்கிவந்தார்.

அன்று மத்தியானம் பெட்டியை அந்த வட்டத்தில் வைத்துவிட்டு, முதல்முறையாக முழுதாக வாசித்தார். குருமடத்தில் கற்ற பழைய பாட்டு ஒன்று. காலின் கீழிருந்து ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எதுவும் கிடுகிடுக்கவில்லை. அறையே ஒரு படி கீழே இறங்கி, அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது. முடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேற்கு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஒங்க எடது காலு கொஞ்சம் பிந்துது."

நாற்பது வருடத்தில் அவர் காலைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் மறுபடி வாசித்தார். பிந்தத்தான் செய்தது.

அடுத்த வாரம் பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஃபஹத் வந்தார். தரையில் அழியாமல் இருந்த சாக்குக் குறிகளைப் போட்டோ எடுத்தார். ஹோம் தியேட்டர் வாங்கிவிட்டுச் சத்தம் சரியில்லை என்று தினமும் போன் செய்கிற நாலு பேர் தனக்கு இருக்கிறார்கள் என்றார். "அம்மா வந்து ஒரு தடவை கேட்டுச் சொன்னா நல்லாருக்கும்."

அப்படித்தான் இருவரும் வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்கள். இருதயசாமி டேப்பும் பென் டிரைவும் எடுத்துக்கொள்வார். அருள்செல்வி கோடு போடுகிற சாக்கை எடுத்துக்கொள்வார். போன மாதம் தாராசுரத்தில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வீடு. அருள்செல்வி கூடம் முழுக்கத் தவழ்ந்துவிட்டு, பீரோ இருக்கிற இடம்தான் என்றார். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. இருதயசாமி பக்கம் திரும்பி, "சார், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான் தரையில எறங்கறதில்ல. அவங்க சொல்றதுதான் அளவு."

நான்கு பேர் சேர்ந்து பீரோவை நகர்த்தினார்கள். அதன் ஒரு கால் குட்டை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.