சித்தியின் காலிக் கட்டங்கள்

நேரமில்லை என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. நேரம் எல்லாருக்கும் இருக்கிறது, அதைப் பிரித்துப் போடத்தான் நமக்குத் தெரியவில்லை என்பார். இதைச் சொல்லிக்கொண்டே ஒரு கையால் சட்டைப் பொத்தானையும் மறு கையால் இட்லியையும் கவனிப்பார்.

அப்போது நாங்கள் அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஓர் அடுக்கு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஐ.டி. கம்பெனி வேலை. எந்த நாட்டிலோ இருப்பவர்கள் விழித்திருக்கும்போதெல்லாம் அவரும் விழித்திருக்க வேண்டும். அம்மா ஆவடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்துக்கு வாரம் டூட்டி மாறும். நான் நான்காம் வகுப்பு, தம்பி எல்.கே.ஜி. இந்த அமளிக்கு நடுவில்தான் அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தாள். பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்க வந்தவள். ஊரில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வேலை கிடைத்துவிட்டால் கல்யாணப் பேச்சை அவளே நடத்தலாம் என்று அம்மாதான் அவளை இங்கே வரவழைத்தாள்.

பாட்டு வகுப்பு இருக்கும் நாட்களில் எனக்குப் பள்ளி ஆட்டோ கிடையாது. யாராவது வந்து கூட்டிப்போக வேண்டும். ஒருநாள் அம்மா வருவாள் என்று அப்பாவும், அப்பா வருவார் என்று அம்மாவும் இருந்துவிட்டார்கள். நல்ல மழை. வாட்ச்மேன் தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கடைசியில் குடையோடு வந்தது சித்தி. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டில் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று பார்த்திருக்கிறாள், நான் இல்லை.

அன்றைய சண்டைக்குப் பிறகுதான் வீட்டுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். முதலில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர். அதில் ஏற்கெனவே பால் வராத நாளும் கேஸ் வந்த நாளும் இருந்தன. மிச்ச இடத்தில் அம்மா தன் நைட் டூட்டியை ‘நை’ என்று சுருக்கி எழுதினாள். அப்பா அதை நெய் என்று படித்து, சொன்ன நாளில் தவறாமல் நெய் வாங்கி வந்தார். அடுத்தது போன் ஆப். எல்லாருக்கும் ஒரே காலண்டர், வேலைக்கு முன்னால் மணியடிக்கும். அம்மாவால் வார்டுக்குள் போனை வைத்துக்கொள்ள முடியாது. சித்தியிடம் இருந்தது பட்டன் போன். ஆகவே தம்பிக்குக் குளியல், தம்பிக்குச் சளி மருந்து என்ற அறிவிப்புகளெல்லாம் அப்பாவின் மீட்டிங்குகளின் நடுவில் மட்டும் ஒலித்தன.

மூன்றாவதாக வந்ததுதான் வெள்ளைப் பலகை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கி, ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினார். கறுப்பு டேப் ஒட்டி, மேலே கிழமைகளும் பக்கவாட்டில் ஆட்களுமாகக் கட்டம் பிரித்தார். ஆளுக்கொரு நிறப் பேனா. சித்திக்குப் பச்சை. தனக்கும் ஒரு வரிசை உண்டு என்று அவள் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. பேனாவை வாங்கி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு திங்கள் கட்டத்தில் ‘படிப்பு’ என்று எழுதினாள்.

“எத்தனை மணியிலருந்து எத்தனை மணிவரைக்கும்னு போடும்மா. அப்பத்தான் தெரியும்” என்றார் அப்பா.

“நாள் பூராவும்தான் அத்தான்.”

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்படியென்றால் ஏழு கட்டத்திலும் அதையே எழுத வேண்டுமே, எழுதாவிட்டாலும் தெரியாதா என்றார்கள். சித்தியும் சிரித்துக்கொண்டு எழுதியதைத் துடைத்துவிட்டாள்.

பலகையில் மற்ற எல்லாருடைய வரிசையும் நெரிசலாக இருந்தது. சித்தியின் வரிசை மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. வெறும் கட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. தண்ணீர் ஃபில்டர் சர்வீஸுக்கு ஆள் வருகிறான், வீட்டில் யாராவது இருக்க வேண்டும். அப்பா பலகையைப் பார்ப்பார், பச்சைப் பேனாவை எடுப்பார். தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, என் பாட்டு வகுப்பு, கேஸ், மாவரைப்பது. கோச்சிங் வகுப்புக்கு அவள் போன கிழமைகளில்கூட, வகுப்பு முடிந்து வரும் வழியில் செய்யக்கூடிய வேலைகள் சில கிடைத்தன. யாரும் அவளை அதட்டவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. எழுதிவிட்டு, “முடியும்லம்மா?” என்று அப்பா கேட்பார். “முடியும் அத்தான்” என்பாள். முன்புபோல் வீட்டில் சண்டை வருவதில்லை. பலகை வந்ததால்தான் இந்த அமைதி என்று அப்பா ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் அதைப் படம்பிடித்து அனுப்பினார்.

அப்படியும் சித்தி முதல் கட்டத் தேர்வில் தேறிவிட்டாள். குக்கர் சத்தத்துக்கு நடுவில், தம்பியைத் தூங்கவைக்கும்போது தொடைமேல் புத்தகத்தை விரித்துக்கொண்டு எப்படியோ படித்திருக்கிறாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மெயின் தேர்வு ஒரு சனிக்கிழமை, பூந்தமல்லி தாண்டி ஓர் இன்ஜினியரிங் காலேஜில். அந்தச் சனிக்கிழமைக் கட்டத்தில் சித்தி தானே ‘தேர்வு’ என்று எழுதி, சுற்றிலும் கோடு போட்டாள். எங்களைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவைத்தாள். மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர், எந்த வழியில் போனால் சீக்கிரம் போகலாம் என்று அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிந்தபோது தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா மருந்து கொடுத்து, ஈரத்துணி போட்டாள். அவளுக்குக் காலை டூட்டி. மாற்றிக்கொள்ள மற்ற நர்ஸ்களுக்குப் போன் செய்தாள். ஒருத்தி ஊருக்குப் போயிருந்தாள், ஒருத்தி எடுக்கவில்லை. வார்டில் இன்னொரு நர்ஸும் லீவு. அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்து, மாதக்கணக்காகச் செய்த வேலையை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் நாள். மூன்று பேரும் பலகைக்கு முன்னால் நின்றார்கள். பலகையில் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்பா வரிசை, அம்மா வரிசை, சித்தி வரிசை எல்லாவற்றிலும் அன்றைக்கு எழுதியிருந்தது. தம்பியின் வரிசை மட்டும்தான் காலி.

“பக்கத்து வீட்டுல கேக்கலாமா?” என்றாள் அம்மா.

“இவ்வளவு காய்ச்சலோடயா?” என்றார் அப்பா.

அம்மா சித்தியைப் பார்க்காமல் தம்பியின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி தேர்வுக்குப் போகத் தயாராகி, தலையில் பூகூட வைத்திருந்தாள்.

“நான் இருக்கேன்க்கா. அடுத்த வருஷம் எழுதிக்கிடலாம்” என்றாள்.

கீழே ஆட்டோ ஹாரன் கேட்டது. என்னைத்தான் அனுப்பினார்கள். நான் படிகளில் குதித்து இறங்கி ஓடினேன்.

“இன்னா பாப்பா, சித்தி இன்னும் எறங்கலியா? டைம் ஆவுது, கேட்டை சாத்திருவானுங்க.”

“சித்தி வரல அண்ணா. தம்பிக்கு ஜுரம். வீட்லயே இருக்கப்போறாங்க.”

“இன்னா சொல்ற? நேத்து ரெண்டு தபா சொல்லிச்சே, சீக்கிரமா வந்துடுங்கனு. ஊட்ல வேற யாரும் இல்லியா?”

“அம்மாவுக்கு டூட்டி. அப்பாவுக்கு ஆபீஸ்.”

அவர் எங்கள் பால்கனியை அண்ணாந்து பார்த்தார். பிறகு வண்டியை அணைத்தார்.

“நா கொஞ்ச நேரம் இங்கியே நிந்துகினு கீறேன். மேல போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். அதற்குள் அம்மாவும் அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி தம்பிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். “போகச் சொல்லிட்டு வா கண்ணு” என்றாள். ஆனாலும் அவர் உடனே போகவில்லை. அம்மாவும் அப்பாவும் கிளம்பிப் போன பிறகும் வெகுநேரம் வண்டி கீழேயே நின்றது. சித்தி பால்கனிப் பக்கமே வரவில்லை.

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. தை மாதத்திலேயே கோவில்பட்டியில் சித்திக்குத் திருமணம் ஆயிற்று. நல்ல மனிதர்தான் சித்தப்பா. ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறார், சித்தியும் கடையில் உட்காருகிறாள். தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால், எழுதியிருந்தாலும் தேறியிருப்பேன் என்று என்ன நிச்சயம் என்பாள். அந்த நிச்சயமின்மையைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. இப்போது அம்மா வேலையை விட்டுவிட்டாள். டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, “ஒருநாள் லீவு போட்டிருந்தா ஆஸ்பத்திரி இடிஞ்சா விழுந்திருக்கும்?” என்பாள். அப்பா சேனலை மாற்றுவார். அவர் மாற்றுவது பேச்சை என்று எனக்குத் தெரியும்.

இதெல்லாம் பின்னால் புரிந்தவை. அந்தச் சனிக்கிழமை எனக்குச் சந்தோஷமான நாள். மதியத்துக்குமேல் காய்ச்சல் இறங்கித் தம்பி தூங்கிவிட்டான். கட்டிலுக்கடியிலிருந்து கேரம் போர்டை இழுத்துப்போட்டு, விளையாடலாமா என்று சித்தியைக் கேட்டேன். மாவு தூவி உட்கார்ந்தோம். கல்லூரியில் கேரமுக்குக் கோப்பை வாங்கியவள் அவள். என்னிடம் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு அவள் அடித்த காய் ஒன்றும் விழவில்லை. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்ப்பாள், அப்படியே வெகுநேரம் இருப்பாள். நான் தோளைத் தொட்டால்தான் அடிப்பாள். சிவப்புக் காயையும் நானே போட்டேன். ஒவ்வோர் ஆட்டமும் நான்தான் ஜெயித்தேன்.

சாயங்காலம் அம்மா வந்து கதவைத் திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். நான் இப்போது சித்தியைவிட நன்றாக ஆடுகிறேன் என்று. அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றாள். வாயில் கை வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஜெயித்ததற்கு அம்மா இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.