ஓரகத்தியின் எழுபது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைக் குளிரறை ராணி என்று எல்லோரும் கேலியாகக் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அவள் அதைக் கேலி என்று நினைத்ததே இல்லை. இறைச்சிக் கூடத்திலிருந்து ஐஸில் வரும் சிறுநீரகத்தை நறுக்கி, கண்ணாடிக் குழாயில் போட்டு, கண்ணாடி உலக்கையால் அரைத்து, இயந்திரத்தில் சுழற்றி, செல்களின் சவ்வை மட்டும் தனியே பிரித்தெடுப்பதுதான் அந்தக் குளிரறையில் அவள் வேலை. உலக்கையை நிதானமாகப் பன்னிரண்டு தடவை ஏற்றி இறக்குவாள். பதின்மூன்றாவது கிடையாது.

அந்த ராஜ்யத்துக்குள் தன் ஓரகத்தியான கொழுந்தன் மனைவியைக் கொண்டுவந்து சேர்த்ததும் அவளேதான். சின்னவள் படித்துவிட்டு வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று மாமியார் மூக்கைச் சிந்தினார்; இவளும் பெரிய மனதாகச் சிபாரிசு செய்தாள். வேலையைக் கற்றுக்கொடுக்கத்தான் அந்தப் பெரிய மனது வரவில்லை. "பாத்து பாத்து கத்துக்கோ" என்று முதல் நாளே கைகழுவிவிட்டாள்.

சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஒன்று உண்டு. அது ஒரு என்சைம். அது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று சோதித்து, தலைவியான டாக்டரம்மா வாரா வாரம் பலகையில் எழுதுவார். மூத்தவளுக்கு நாற்பது. வந்து மூன்றே மாதமான இளையவளுக்கு எழுபது.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் மாமியார் அந்த எழுபதைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். பம்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் ஆளில்லை. சீக்கிரமே குளிரறைக்கு ஒருவர்தான், மற்றவர் பாத்திரம் கழுவும் அறைக்கு என்று டாக்டரம்மா சொன்ன பிறகு மூத்தவளுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை.

இளையவளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அந்தப் பெண் உலக்கையை விறுவிறுவென்று நாற்பது தடவை போட்டாள். இவ்வளவுதானா சங்கதி? மறுவாரமே மூத்தவளும் நாற்பது தடவை போட்டாள். பலகையில் எழுபத்தைந்து. அதற்கடுத்த வாரமும் அதே எழுபத்தைந்து; கீழே இளையவளுக்கு வெறும் நாற்பது. அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து மூத்தவளுக்கு அன்று சோறு ருசித்தது.

மறுநாள் டாக்டரம்மா அதே குழாய்களை எடுத்து வேறொரு சோதனை வைத்தார். அரைபட்ட சவ்வு சின்னச் சின்ன உருண்டைகளாகத் தானே மூடிக்கொள்ளும். அதன் சுவரில் சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாசல்கள் உண்டு. இழுத்த சர்க்கரையை யாருடைய உருண்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது என்று பார்த்தார். மூத்தவளுடையது முழுக்க ஒழுகிவிட்டது. இளையவளுடையது சொட்டுக்கூட விடவில்லை.

"அப்ப எழுபத்தஞ்சு?" என்றாள் மூத்தவள்.

"கிழிஞ்ச உருண்டைக்குள்ள எதுவும் சுலபமா போயிடும், பம்புக்குத் தீனி நல்லா கிடைக்கும், எண் ஏறிடும்," என்றார் டாக்டரம்மா. "இறுக்கமா மூடியிருந்தா தீனி போகாது, எண் குறையும். பலகையில நாற்பது வாங்கின கைதாம்மா நல்ல கை. இந்தச் சோதனைக்காகத்தான் நான் காத்துட்டிருந்தேன்." பிறகு இளையவளிடம் திரும்பினார். "நீ எப்படி மாத்தின?"

"அக்கா என்னைத் தாண்டினதும் பொறாமையா இருந்துச்சு டாக்டரம்மா. மொத நாள் அக்கா செஞ்சத எண்ணி வெச்சிருந்தேன். பன்னெண்டு தடவை. அதையே செஞ்சேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடத்துக் கை அந்தக் குழாயில் இருந்தது, அடுத்தவள் பெயர் ஒட்டியிருந்தது.

"உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

நானும் இவளைப் பார்த்துத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு வரை வந்தது. "குளிரு டாக்டரம்மா. விரல் மரத்துப் போச்சு," என்றாள்.

குளிரறை இளையவளுக்குப் போனது. மறுநாள் மூத்தவள் இருந்த பாத்திரம் கழுவும் அறைக்குள் இளையவள் வந்து, கம்பளிக் கையுறை இரண்டை மேசைமேல் வைத்தாள்.

"விரல் மரத்துப் போகுதுன்னீங்களேக்கா. வீட்டுலயே சொல்லியிருந்தா அப்பவே கொண்டாந்திருப்பேன்."

அவள் அந்தப் பொய்யை அப்படியே நம்பியிருந்தாள். மூத்தவள் கையுறையை மாட்டிப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.