மூக்கில் அடிப்பதும் மருந்துதான்

போன மாதம் நான் அடித்த ஒரு ஜோக்குக்கு ஒரு டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கு இது புதிதல்ல. ஆனால் அவர் சிரிக்காததால்தான் என் நண்பன் சேவியர் இன்று உயிரோடு இருக்கிறான்.

சேவியர் தூத்துக்குடி துறைமுகத்தில் டிராஃப்ட் சர்வேயர். கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது, அதன் டேங்குகளில் பேலஸ்ட் என்கிற பாரத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளந்து, எத்தனை டன் நிலக்கரி இறங்கியது என்று கணக்குத் தாளில் கையெழுத்துப் போடுகிற வேலை. அவனுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் – ஆறேழு மணி நேரம் ஆகுமாம். முந்தின நாள் துணைக்கு நான்.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்து, என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பிரஷர் மாத்திரை என்றான். வேறு? ஒன்றுமில்லை.

அவர் கண் கட்டிலுக்கடியில் போனது. நான்கு பெரிய தண்ணீர் பாட்டில்கள், மூன்று காலி. இவ்வளவும் யாருக்கு? நான் சும்மா இருப்பேனா...

"கப்பல்காரன்லா டாக்டர், பேலஸ்ட் ஏத்துதான்."

சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை தடவை பாத்ரூம் போவீர்கள்? தலையில் எப்போதாவது அடிபட்டதா?

பட்டது. பல வருடங்களுக்கு முன் கப்பல் ஏணியிலிருந்து விழுந்தவன் அவன். மெல்லப் பையிலிருந்து ஒரு குட்டி ஸ்பிரேயை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பதற்றத்தில் அன்று காலை அடிக்க மறந்திருந்தான்.

"இத ஏன் சொல்லல?"

"மூக்குல அடிக்கதுதான டாக்டர். நீங்க மருந்துல்லா கேட்டிய..."

அவனைக் குறை சொல்ல முடியாது. துறைமுகத்தை ஒட்டிய முத்தையாபுரம் பக்கம் கரித்தூசிக்குப் பயந்து பாதிப் பேர் பையில் மூக்கு ஸ்பிரே இருக்கும். அதை யார் மருந்தென்று சொல்கிறார்கள்? நானும் தூசிக்கென்றே நினைத்தேன். ஒருமுறை மூக்கடைப்புக்கு இரவல் கேட்டேன். தரவில்லை. கஞ்சப்பயல் என்று, பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் எழுதினேன்.

டாக்டர் விளக்கினார். விழுந்ததில் மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அடிபட்டு, உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கும் ஹார்மோன் வற்றிவிட்டது. ஸ்பிரேதான் அதற்கு மாற்று. அது இல்லாவிட்டால் குடிக்கக் குடிக்கச் சிறுநீராய் ஓடிவிடும். விழித்திருப்பவன் தாகமெடுத்துக் குடிப்பான். மயக்கத்தில் கிடப்பவனுக்கு ஏது தாகம்? ரத்தத்தில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். சரி, மருந்தையும் கொடுத்து டிரிப்ஸையும் கண்டபடி ஏற்றினால்? உப்பு இறங்கி மூளை வீங்கும். ஆகவே ஹார்மோன் டாக்டரைக் கேட்டு, மணிக்கொரு தடவை சிறுநீரை அளந்து, உப்பைப் பார்த்து, அதற்கேற்ப ஏற்ற வேண்டும். ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது.

சேவியர் முகம் தெளிந்தது. "ஏலே, இது நம்ம சோலிலா. டேங்க அளந்து அளந்து பாக்கது."

ஏழு மணி நேரம். வெளியே அவன் மனைவி மேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் நீட்டிய தண்ணீரைத் தொடவில்லை... உள்ளே அவர் குடிக்க முடியாதே அண்ணே, என்றாள். நானும் குடிக்காமல் பாட்டிலை மூடி வைத்தேன்.

மறுநாள் கண் நன்றாகத் திறந்ததும் சேவியர் கேட்டது அந்த அளவுத் தாளை. ஒவ்வொரு மணியாக விரலை ஓட்டினான் – உள்ளே போனது, வெளியே வந்தது, உப்பு. பிறகு மயக்க மருந்து டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

"சரியா இருக்கு. கையெழுத்து எங்கன போடணும்?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜோக் என்னுடையதில்லை, அதனால்தான்.