நீலாவின் இருபத்தொரு அட்டைகள்

என் மனைவி நீலா எடுத்த காரியம் ஒன்றையாவது முடித்ததாகச் சரித்திரமே கிடையாது என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கல்யாண வீட்டில் சொல்வேன், ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், நீலாவும் சிரிப்பாள். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வேலூரில் டைப்ரைட்டிங் லோயர் முடித்து, ஹையருக்குப் பணம் கட்டியிருந்த பெண்ணைத்தான் 1984-ல் கட்டிக்கொண்டு வந்தேன். தாத்தா காலத்தில் ராணுவக் கணக்கு ஆபீஸ் வேலைக்கு வந்து செகந்திராபாத்தோடு தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீடு திருமுல்கேரியில். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது முகூர்த்தம் வைத்தோம். "அப்புறம் போய் எழுதிக்கலாம்" என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. பிறகு தபாலில் பி.ஏ. சேர்ந்தாள், மகள் அனுபமா பிறந்தாள். தையல் வகுப்புக்குப் போனாள், என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்தார்கள். 1999-ல் ஊரே அமீர்பேட்டைக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஓடியபோது இவளும் மூன்று மாத வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் அனுபமாவுக்கு டைபாய்டு. நான் லீவு போட்டிருக்கலாம். போடவில்லை.

ஆக, ஒன்றைக்கூட நீலா தானாக விடவில்லை. நாங்கள்தான் ஆளுக்கொரு பக்கம் இழுத்து விடவைத்தோம். அது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் சொன்னால் நாலு பேர் சிரிக்கிறார்களே, அதை விட மனசு வரவில்லை.

2011-ல் அனுபமா மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். தினம் திருமுல்கேரியிலிருந்து போய்வர முடியாமல் அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கூட இருந்த சபீனா ஆம்பூர்ப் பெண். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, சபீனா பையிலிருந்து சின்னச் சின்ன அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்.

"சீட்டுக்கட்டுல இருக்கற சீட்டு சைஸ்தான் ஆன்ட்டி. ஒரு நாளைக்கு ஒண்ணு வரையணும், முப்பது நாள். பின்னாடி பேரு, நம்பரு, தேதி எழுதணும். விக்கக் கூடாது. நம்மளது ஒண்ணு குடுத்து அவங்களது ஒண்ணு வாங்கிக்கணும். செப்டம்பர் பூரா வரைஞ்சு, அக்டோபர் ரெண்டாந்தேதி சஞ்சீவய்யா பார்க்ல எல்லாரும் கூடுறோம். முப்பதும் முடிச்சவங்க மட்டும் துணி விரிச்சு வரிசையா வெப்பாங்க. போன வருசம் பதினோரு பேரு ஆரம்பிச்சு நாலு பேருதான் முடிச்சாங்க."

நீலா ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானும் போடலாமா?" என்று கேட்டாள்.

"அடி சக்கை!" என்றேன் நான். "முப்பது நாளா? இவளா? மூணாம் நாளே அந்த அட்டையில ஊறுகா ஜாடிக்கு மூடி பண்ணிடுவா."

அனுபமா விழுந்து விழுந்து சிரித்தாள். நீலா சிரிக்கவில்லை. "பாக்கலாம்" என்றாள்.

அனுபமாவின் பள்ளிக்கூடப் பெட்டியில் கிடந்த மெழுகு க்ரேயான்களைத் தேடி எடுத்தாள். தடித்த அட்டையை அளவெடுத்து வெட்டிக்கொண்டாள். தினம் மூன்று மணிக்கு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த கையோடு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். வரைந்ததை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடுவாள். சாயங்காலம் நான் வந்ததும், "இன்னிக்கி ஆச்சா?" என்று கேட்பேன், வீட்டுப்பாடம் கேட்கிற வாத்தியார் மாதிரி. "ஹவ், ஆச்சு" என்பாள். இந்த ஊருக்கு வந்த புதிதில், ஆமாம் என்பதற்கு இங்கே சொல்கிற இந்த 'ஹவ்'வைக் கேட்டு முகம் சுளித்தவள்தான். காட்டு என்று நானும் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை.

பதினாலாம் தேதி அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன். மூன்று மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்து உட்கார்ந்தாள். க்ரேயானைக் கையில் எடுத்தாள்.

"ஒரு நாள் விட்டா குடியா முழுகிடும்?" என்றேன்.

"முழுகிடும்" என்றாள். "உங்களுக்கு நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிக்க இன்னொண்ணு கெடைச்சிடும்."

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் என்ன செய்வோம்? பேப்பரை உதறி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

அந்த மாதம்தான் தெலங்கானா வேலைநிறுத்தம். பஸ் ஓடவில்லை. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். சனத்நகரில் நான் வேலை பார்த்த பாக்டரியில் வாரத்தில் பாதி நாள் ஷட்டர் மூடிக் கிடந்தது. வால்வுகளைச் சோதித்து, சரி என்றால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. வேலை இல்லாத ஆம்பளை வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? யாருக்காவது உபகாரம் பண்ணத் தோன்றும்.

என் உபகாரங்களில் பெரியது லாமினேஷன். 2000 ஆகஸ்ட் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்து, என் டிப்ளமா சான்றிதழ் கூழாகிப்போனது. அன்றிலிருந்து காகிதமாக என் கையில் கிடைத்தது எதுவும் பிளாஸ்டிக் உறைக்குத் தப்பவில்லை. ரேஷன் கார்டு, அனுபமாவின் மார்க் ஷீட்டுகள், ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் பளபளவென்று இருக்கும். உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும், அடுத்த வெள்ளத்தில் தெரியும் என்பேன்.

செப்டம்பர் இருபத்தொன்பது, காலை ஒன்பது மணி. நீலா காய் வாங்கப் போயிருந்தாள். பிஸ்கட் டப்பா மேஜையில் இருந்தது. இருபத்தெட்டு அட்டை. பார்க்கில் பத்துப் பேர் கை பட்டால் அழுக்காகுமே, நாம் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்தால் அசந்துபோவாளே என்று தோன்றியது. நிஜமாகவே நல்ல எண்ணத்தில்தான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு லால் பஜாருக்கு நடந்தேன்.

ஜெராக்ஸ் கடை அப்துல் ரஹீம் எனக்குப் பல வருடப் பழக்கம். ஒரு அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "நக்கோ சாப்", வேண்டாம் சார் என்றார். இது மெழுகுக் கலர், மெஷின் சூடு தாங்காது, வேண்டுமானால் வெற்று அட்டையில் கொஞ்சம் கிறுக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று அவருடைய ஹிந்தியில் தெளிவாகத்தான் சொன்னார். பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு, எனக்கு ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

முதல் உருப்படியைச் சோதிக்காமல் மற்றதைத் தொடாதே என்று பாக்டரியில் ஒரு ஷிப்ட்டையே நிறுத்தி வைத்தவன் நான். அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "பத்து மணிக்கு கரண்ட் ஜாயேகா பாய். ஒம்பது ஒம்பதா டாலோ." பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும், ஒன்பது ஒன்பதாகப் போடு என்றேன்.

பெரிய உறைக்குள் ஒன்பது அட்டைகளை நானே வரிசையாக அடுக்கினேன். அப்போதுதான் அந்தப் படங்களை முதல் முறையாகப் பார்க்கிறேன். குக்கரில் ஆவி கிளம்புகிறது. கேஸ் சிலிண்டர் சுமக்கிறவரின் முதுகு. என் டிபன் கேரியர், அதன் மூடியில் இருக்கும் நசுங்கல்கூட விடவில்லை. ஒன்பதாவது அட்டையில் நான். நாற்காலியில் தூங்குகிறேன், மார்பில் பேப்பர், கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. என்னைக் கேலி பண்ணி வரையவில்லை. களைத்த மனுஷன் தூங்குகிறான், தூங்கட்டும் என்று வரைந்திருந்தாள். அட, இவ்வளவு நன்றாகப் போடுகிறாளா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு உறையை மெஷினுக்குள் தள்ளச் சொன்னேன்.

வெளியே வந்தபோது ஒன்பது அட்டையிலும் நிறம் உருகி ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருந்தது. சாம்பாரும் மோரும் கலந்த தட்டு மாதிரி. என் முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு. ரஹீம் மெஷினை அணைத்தார். மீதிப் பத்தொன்பது அட்டைகளைத் துணியில் துடைத்த கையால் எடுத்து டப்பாவில் அடுக்கிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் நீலா வந்து காய்ப்பையை இறக்கினாள். மேஜையில் கிடந்ததைப் பார்த்தாள். உறையின் மூலையைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக்கோடு நிறமும் உரிந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டு டப்பாவில் இருந்ததை எண்ணினாள்.

"ஒண்ணுலருந்து ஒம்பது வரைக்கும் போச்சு" என்றாள்.

"ஒம்பதுதானே? உக்காந்தா ரெண்டு நாள்ல போட்டுடலாம். பின்னாடி பழைய தேதியை எழுதினா யாருக்குத் தெரியப்போவுது?" சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவனின் வாய்தான் இதையும் சொல்லிற்று.

"எனக்குத் தெரியுமில்ல" என்றாள் நீலா. டப்பாவை மூடிவிட்டு, "ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கக் கூடாதாங்க?" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்குப் போய் நான் கத்தினேன். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்! பத்து வருஷம் கெடாம இருக்கட்டும்னுதானே தூக்கிட்டுப் போனேன்! பெரிய ஓவியம்! வீட்ல ஒருத்தன் நல்லது பண்ணக்கூட வழியில்ல!" பக்கத்து வீட்டு நாகம்மா ஜன்னலைச் சாத்துகிற அளவுக்குக் கத்தினேன். தப்பு பண்ணினவன்தான் அதிகம் கத்துவான், என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அன்றைக்கு மூன்று மணிக்கு நீலா மேஜையில் உட்கார்ந்து இருபத்தொன்பதாவது அட்டையை வரைந்தாள். மறுநாள் முப்பதாவது. இரண்டு நாளும் நான், ஆச்சா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்துப் பார்க்குக்குப் போனோம். ஏன் வந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானாக இருந்தால் டப்பாவைக் குப்பையில் போட்டிருப்பேன். புல்தரையில் நாலைந்து பேர் துணி விரித்து முப்பது முப்பதாக வரிசை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்கள். பிடித்த அட்டை கண்ணில் பட்டால் தங்களுடையதை நீட்டி மாற்றிக்கொண்டார்கள். அனுபமா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சபீனா கையில் ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குத்தான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். முப்பதும் இருக்குதில்ல?"

நீலா டப்பாவைத் திறந்து காட்டினாள். "இருவத்தொண்ணுதாம்மா இருக்குது."

"அச்சோ! ஏன் ஆன்ட்டி?"

நான் நீலாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைக் கைகாட்டுவாள் என்று நினைத்தேன். காட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகவும் இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நடுவுல விட்டுப்போச்சும்மா" என்றாள்.

"அம்மா! As usual!" என்று அனுபமா தலையில் கை வைத்தாள். "டாடி சொன்னது கரெக்ட். எங்கம்மா ஒண்ணுகூட ஃபினிஷ் பண்ணமாட்டாங்க தெரியுமா?" என்று சுற்றி இருந்தவர்களிடம் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நான் பழக்கியதைத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். சபீனா அந்த வெள்ளைத் துணியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

காய்ச்சலில்கூட ஒரு நாள் விடவில்லை, முப்பது நாளும் வரைந்தாள், ஒன்பதைக் கெடுத்தவன் நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூச்சுவிடுகிற நேரம். அறிமுகமில்லாத நாலு பிள்ளைகள் முன்னால் என் மானம் போய்விடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டதோடு விட்டேனா? அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

நீலா இருபத்தொன்றையும் மாற்றிக்கொண்டாள். ஒவ்வொருவரிடமும் நின்று, அவர்கள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தாள். அவள் வரைந்ததில் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு அவள் வரையவும் இல்லை. அனுபமாவுக்கு நடந்தது இன்றுவரை தெரியாது.

திரும்பும்போதும் ஆட்டோவில்தான் வந்தோம். டப்பா அவள் மடியில் இருந்தது. பாரடைஸ் ஹோட்டல் தாண்டினதும் என் பக்கம் சாய்ந்து, ஆட்டோக்காரருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்ததே நல்லதுங்க. அனு கோவக்காரி. அத்தினி பேர் எதிர்ல உங்கள ஏதாவது பேசியிருந்தான்னா எனக்குத் தாங்கியிருக்காது."

நீலா, என்னை மன்னிச்சிடு என்று சொல்லத்தான் அவள் பக்கம் திரும்பினேன். அதற்குள் ஆட்டோக்காரர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டார். நேராகப் போகச் சொன்னேன்.