மிளகு ரசம் வந்த தூக்குவாளி

சங்கரிக்குப் பொய் சொல்ல வராது. பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சாமி விளக்கின் முன்னால் நின்று அவள் சொன்னது, கூட்டாமல் குறைக்காமல், இங்கே இருக்கிறது.

போன கார்த்திகை மாதம். விடாத மழை. சங்கரியும் அவள் கணவன் தேவேந்திரனும் அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தறிக்குழியில் தண்ணீர் ஊறி, நெசவு நின்றுபோயிருந்தது. வாலாஜாபாத்தில் அக்கா வீட்டுக்குப் போன தேவேந்திரன் அங்கேயே மாட்டிக்கொண்டான். ரோடெல்லாம் வெள்ளம், பஸ் ஓடவில்லை. வீட்டில் சங்கரியும் ஆறு வயது மகள் மகாவும்தான்.

மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். சங்கரி ரவைக் கஞ்சி வைத்தாள். இட்லியைப் பாலில் கரைத்தாள். வற்புறுத்தி ஊட்டியதெல்லாம் அப்படியே வெளியே வந்தது. "இன்னிக்கு எதாவது உள்ள தங்கணும்மா, இல்லன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துடு" என்றார் டாக்டர் போனில். எப்படிக் கொண்டுபோவது? தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரு ஆட்டோ வரவில்லை. கரண்டும் இல்லை.

"மகா... ஒரே ஒரு வாய்டீ. அம்மாவுக்கோசரம்."

குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. சங்கரி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கோயில் சாயரட்சை மணி அடித்தது. சரியாக ஆறு.

டிங்... டிங்...

கொல்லைக் கதவில் பாத்திரம் மோதும் சத்தம். சங்கரி திறந்தாள். முப்பது வயதுக்காரி ஒருத்தி. கையில் எவர்சில்வர் தூக்குவாளி.

"பின்னாடி ரூமுல இருக்குறேன்மா. லில்லி. உங்க மாதிரி தறி வூடுங்களுக்கு நூலு தார் சுத்திக் குடுக்குறேன். பாப்பா துண்ண மாட்டேங்குதுன்னு காதுல வுழுந்துச்சு. மிளகு ரசம், கொழைஞ்ச சோறு. எம் பொண்ணுக்கு மழைன்னா இதான் புடிக்கும்."

மூடியைத் திறந்ததும் நெய்யில் பொரிந்த மிளகும் நசுக்கிய பூண்டும் மணத்தன. மகா தானாக எழுந்து உட்கார்ந்தாள். முழுக்கச் சாப்பிட்டாள். வாந்தி இல்லை.

சங்கரி கையெடுத்துக் கும்பிட்டாள். தூக்குவாளியைக் கழுவினாள். அடி விளிம்பில் மண் ஒட்டியிருந்தது. தேய்த்துப் போக்கினாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டு நீட்டினாள்.

லில்லி உள்ளே எட்டிப் பார்த்தாள். "சக்கர போட்டுட்டியா? அப்போ நாளைக்கும் வரணுமே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால்... அந்தக் கொட்டும் மழையில் அவள் புடவை நனையவே இல்லை. அது சங்கரிக்குக் கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது.

மறுநாளும் மணி அடித்தது. டிங்... டிங்... அதே ரசம். தேய்த்துக் கழுவிய அதே இடத்தில் அதே மண். சங்கரி ஒரு அடி பின்வாங்கினாள். ஆனாலும் குழந்தை சாப்பிடுகிறதே! வாங்கினாள். கழுவினாள். சர்க்கரை போட்டாள்.

மூன்றாம் நாள் காலை. மகா அம்மா கொடுத்த பாலைத் தள்ளிவிட்டாள்.

"லில்லிம்மா தர்றதுதான் வேணும்."

தொட்டுப் பார்த்தாள் சங்கரி. காய்ச்சல் இல்லை. சூடே இல்லை. கிணற்று நீர் போல... சில்லென்று. இரண்டு நாளாக வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தையின் கன்னம் ஒட்டியிருந்தது.

அன்று மாலை சங்கரி தானே அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகைப் பொரித்தாள். பூண்டை நசுக்கினாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் தாளிப்பு தீய்ந்து, ரசம் கருகிய வாடை அடித்தது. "ஏகாம்பரநாதா, என் கொழந்த என் கையால துண்ணணும்."

மணி அடித்தது.

டிங்... டிங்...

கதவு தானாகத் திறந்தது.

லில்லி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். ஈரத் தரையில் கால்தடம் விழவில்லை. மகா ஓடிப்போய் அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பாவ என்னாண்ட உட்டுடும்மா. நானே ஊட்டிக்கிறேன்."

சங்கரி மகாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு தனியா இருக்குது. தொணைக்கி ஆள் இல்ல."

சங்கரி கத்த நினைத்தாள். விளக்கைப் பார்த்தாள். பிறகு லில்லியின் முகத்தைப் பார்த்தாள். பசியில் காய்ந்த முகம்.

வாயில் வந்தது இதுதான்.

"அக்கா... நீ சாப்ட்டியா?"

லில்லி தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தெருவுல... யாரும் கேக்கல, அத."

சங்கரி தட்டு வைத்தாள். தீய்ந்த ரசத்தைச் சோற்றில் ஊற்றினாள். லில்லி சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். மெல்லும் சத்தம் கேட்கவில்லை. தட்டு மட்டும் காலியானது.

"நல்லாருக்குதும்மா." மகாவின் விரலை விட்டாள். "தூக்குவாளிய இன்னிக்குக் காலியாவே குடுத்துடு. அப்பதான் வர மாட்டேன்."

சங்கரி அதிலிருந்த ரசத்தைக் கொட்டிவிட்டுக் கழுவினாள். மூடி போட்டு வைத்தாள். சாமி மாடத்தில் தலை வைத்து ஒரு கணம் அழுதாள். திரும்பி வந்து எடுத்து நீட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. மழை நின்றது.

"அம்மா... பசிக்குது," என்றாள் மகா. உடம்பு கதகதப்பாக இருந்தது. தீய்ந்த ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் வெயில் அடித்தது. சங்கரி பின்பக்கம் போனாள். அந்த ரூமுக்குக் கூரையே இல்லை. பக்கத்து வீட்டு நெசவாளி ராமலிங்கத்திடம் லில்லியைப் பற்றிக் கேட்டாள்; அவர் திடுக்கிட்டுப் போனார்.

"லில்லியா? யாரும்மா உனக்குச் சொன்னது? போன வருசம் மழையில போய்ச் சேர்ந்துட்டா. கொழந்தைக்குக் காய்ச்சல். ரசஞ்சோறு ஆக்க ஒரு பிடி அரிசிக்கு, தூக்குவாளிய எடுத்துக்கினு ஒவ்வொரு கதவா தட்டினா. மழைச் சத்தத்துல கேக்கலன்னு நாங்கல்லாம்..." அவர் நிமிரவில்லை. "ரெண்டு நாள்ல ரெண்டு பேரும் போய்ட்டாங்க."

"அந்தத் தூக்குவாளி எங்கண்ணா?"

"அதுவா? கொழந்தையோட சேர்த்துப் பொதைச்சோம். நான்தான் மண்ணு தள்ளினேன்."

சங்கரி எப்படி வீடு திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே வர மாட்டாங்கடீ. காலியாத்தான் குடுத்தோம்."

மகா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"காலியா இல்லம்மா. நீ சாமிகிட்ட அழுதுக்கினு இருந்தப்போ நான் சக்கர போட்டுட்டேன். வெறும் பாத்திரம் குடுக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ?"

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தது.

கோயிலில் மணி அடித்தது.

சங்கரி எழுந்தாள். அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். மிளகைப் பொரித்தாள். தட்டுகளை எடுத்து வைத்தாள். அவளுக்கொன்று, மகாவுக்கொன்று...

அப்புறம், இன்னும் இரண்டு.

டிங்... டிங்...