மூன்றாவது முறை கேட்காத கர்ட்

அப்பாவின் பெயர் வெண்டல் ஓம்டால். மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள், ஏரிக்கரை முகாமில் நிற்கும், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வீட்டு வண்டி. போன குளிர்காலத்தில் அதன் குழாய்க்குள் தங்கிய நீர் உறைந்து, குழாய் வெடித்து, தரை ஊறிப்போனது.

"இந்தத் தடவையும் வெடிச்சா வித்துடணும்," என்றார் அம்மா மாவிஸ். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

அக்டோபரின் கடைசிச் சனிக்கிழமை. அன்றிரவு எல்லாம் உறைந்துவிடும் என்று வானொலி சொன்னது. அப்பா தொட்டிகளில் இருந்த நீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்பு வைத்து ஏற்றினார். ஒவ்வொரு குழாயிலும் அந்த நிறம் வர வேண்டும். வைத்திருந்த மூன்று கேனும் காலியானது, எதிலும் வரவில்லை. வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் வழியை அடைக்க மறந்திருந்தார். மொத்தத்தையும் தொட்டி குடித்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் பொறியியல். அந்த வழியின் வால்வு திறந்திருப்பதை முதல் கேனிலேயே பார்த்துவிட்டேன். கேட்காமல் சொல்வது மரியாதையில்லை என்று பேசாமல் நின்றேன். அது மரியாதைதானா என்று இப்போதும் சந்தேகம்தான்.

கடை நாற்பது மைல் தள்ளி. அதையும் அடைத்திருப்பார்கள். பக்கத்து வண்டிக்காரர் கர்ட், அரிசோனாவிலிருந்து புதிதாக வந்தவர். குளிருக்குப் பயந்து எட்டு கேன் வாங்கியிருந்தார்.

"எங்கிட்ட அஞ்சு கேன் மிச்சம் இருக்கு. எடுத்துக்கறீங்களா, வெண்டல்?"

"ஐயோ வேணாங்க. சமாளிச்சுக்குவேன்."

"நெஜமாவா? சும்மாதான் கெடக்கு."

"உங்களுக்கெதுக்குச் சிரமம்."

"சரி," என்று கர்ட் உள்ளே போய்விட்டார்.

அப்பா குறடும் கையுமாக நின்றார். எங்கள் ஊரில் மூன்றாவது முறை கேட்டால்தான் எதையும் வாங்கிக்கொள்வோம். இரண்டோடு நிறுத்திய மனிதரை அவர் தன் அறுபத்திரண்டாவது வயதில் அன்றுதான் பார்த்தார்.

"போய்க் கேளுங்க," என்றார் அம்மா.

"இன்னொரு தடவ வருவாரு."

"எங்க வர்றது? சாப்பிட உக்காந்துட்டாரு."

அப்பா அரை மணி நேரம் காத்திருந்தார். வாளி நீரின் மேல் பனி ஏடு கட்டியது. பிறகு போய்க் கதவைத் தட்டினார். காற்றைப் பற்றிப் பேசினார், ஏரி மீனைப் பற்றிப் பேசினார். கர்ட் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த கேனுங்க உங்களுக்கு எடஞ்சலா இருந்தா, நான் வேணா எடுத்துட்டுப் போறேன்."

"வேணாம்னீங்களே?"

"ரெண்டு தடவதானங்க சொன்னேன்."

அப்பா கேன்களோடு திரும்புவதற்குள் நான் வால்வைத் திருப்பி அடைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அப்பா மறுபடி திரவத்தை ஏற்றி, ஒவ்வொரு குழாயாகத் திறந்தார். கடைசிக் குழாயிலும் இளஞ்சிவப்பு வந்தது.

"மே மாசம் புதுத் திரை தைக்கணும்," என்றார் அம்மா, ஜன்னலை அளந்துகொண்டே.