ஏரியைப் பார்க்காத பெஞ்சுகள்

ஏரிக்கரைக் கிளப்பின் புதிய வராந்தாவில் நேற்று அண்ணனுக்காகக் காத்திருந்தேன். நாற்காலிகளில் வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. அத்தனையும் ஏரியைப் பார்த்தபடி வரிசையாகக் கிடந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கிளப்பின் முதல் கொட்டகையும் இதே வாசனையோடுதான் திறந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பாவும், செந்தூல் ரயில் பட்டறையில் அவரோடு வேலை செய்தவர்களும் சேர்ந்து கட்டியது. பட்டறையில் கழித்துப் போட்ட பலகைகளை ஞாயிறுதோறும் லோரியில் ஏற்றி வருவார்கள். கைப்பழக்கம் விடுமா? பெஞ்சுகளை ரயில் பெட்டியில் இருப்பதுபோலவே எதிரெதிராக வைத்து, தரையோடு போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள்.

திறப்பு நாளில் அம்மாதான் முதலில் உட்கார்ந்தாள். "ஏங்க, கழுத்தைத் திருப்பினாத்தான் ஏரி தெரியுது!"

கூடக் கட்டிய பட்டறை அங்கிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை அவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அப்பா மட்டும் அசரவில்லை.

"பேசாம உட்காரு லா. ஏரி அடுத்த ஸ்டேஷன்ல வரும்."

முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தவர்கள் பேசத் தொடங்கினார்கள். பொழுது சாயும்வரை நிறுத்தவில்லை. கொட்டகையை இடிக்கும் நாள்வரை அந்த பெஞ்சுகளை யாரும் கழற்றவும் இல்லை. அப்பா தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா? எத்தனை முறை கேட்டும் சிரித்தாரே தவிர, கடைசிவரை சொல்லவில்லை.

அண்ணன் வந்தார். ஏதோ பேசிக்கொண்டே முன்னாலிருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் முழங்கால் என் முழங்காலில் இடித்தது.